சீட்டின் கடைசி வரி: இதய மருத்துவர்களுக்கு ஒரு மெடிக்கல் கடைக்காரனின் திறந்த மடல்

மதிப்பிற்குரிய இதய மருத்துவர்களுக்கு,

நீங்கள் எழுதும் சீட்டு கடைசியில் என் கவுண்டருக்குத்தான் வந்து சேர்கிறது. இருபது வருடமாகப் படித்துப் படித்து, கையெழுத்தைப் பார்த்தே எந்த டாக்டர் என்று சொல்லிவிடுவேன். ஸ்டென்ட் வைத்தவர் சீட்டு என்றால் வரிசைகூட மனப்பாடம்: ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல், கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின் வகையில் அட்டோர்வாஸ்டாட்டின் 40 அல்லது ரோசுவாஸ்டாட்டின் 20, ஒரு பீட்டா பிளாக்கர், ராமிப்ரில் மாதிரி ஒன்று, வயிற்றுக்கு ஒரு பான்டோப்ரசோல். இதெல்லாம் முடிந்து நீங்கள் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் இன்னொரு வரி இருக்கும். ஏதாவது ஒரு ஆன்டிஆக்சிடன்ட் கேப்ஸ்யூல், அதாவது வைட்டமின் ஈ, சி மாதிரி கலந்த சத்து மாத்திரை, காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒன்று. எத்தனை நாளைக்கு என்று பெரும்பாலும் இருக்காது. அந்த வரியைப் பற்றித்தான் இந்த மடல்.

எல்லா டாக்டரும் எழுதுவதில்லை. அந்த வரியே இல்லாத சீட்டும் வருகிறது, அதைப் பார்த்தால் மனதுக்குள் ஒரு வணக்கம் வைத்துக்கொள்வேன். எழுதுகிறவர்களுக்குத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் என் பக்கத்து அழுக்கைச் சொல்லிவிடுகிறேன். கொழுப்பு மாத்திரை அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இருக்கிறது. 2013 ஆம் ஆண்டு மருந்து விலைக் கட்டுப்பாட்டு ஆணைப்படி அதற்கு உச்ச விலை உண்டு, அந்தக் கணக்கில் எனக்கு வைத்திருக்கும் லாபம் 16 சதவீதம். சத்துக் கேப்ஸ்யூல்களில் பெரும்பாலானவை உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் உரிமத்தில் வருகின்றன, அவற்றுக்கு உச்ச விலை கிடையாது. எனக்கு அதில் நிற்பது 16 சதவீதத்தைவிட நிறையவே அதிகம், அது போதாதென்று பத்து வாங்கினால் இரண்டு இலவசம் என்று ஸ்கீம் வேறு. ஆக, நீங்கள் அந்த வரியை எழுதாமல் விட்டால் முதலில் நஷ்டப்படுகிறவன் நான்தான். அப்படியும் ஏன் எழுதுகிறேன் என்றால், போன வருடம் கடைக்கு வந்த ஒரு பெரியவர்தான் காரணம்.

ஓய்வுபெற்ற பஸ் டிரைவர். ஒரு ஸ்டென்ட் வைத்து ஏழெட்டு மாதம் ஆகியிருக்கும். மாசக் கடைசியில் வந்து சீட்டை நீட்டி, "தம்பி, இந்த மாசம் கையைக் கடிக்குது. கொழுப்பு மாத்திரை வேண்டாம், டெஸ்ட்ல நார்மல்னு வந்துருச்சு. சத்து மாத்திரையை மட்டும் விட்டுடாம குடுங்க, இதயத்துக்கு அதுதான் பலம்" என்றார். நான் பில் போட்டுப் பார்த்தேன். அவர் விடச் சொன்ன கொழுப்பு மாத்திரையின் ஒரு மாதச் செலவைவிட, விடாமல் கேட்ட கேப்ஸ்யூலின் செலவு அதிகம். கொழுப்பு நார்மலாக வந்ததே அந்த மாத்திரையால்தான் ஐயா, நிறுத்தினால் பழையபடி ஏறிவிடும், அடைப்பு வராமல் காப்பது அதுதான் என்று கால் மணி நேரம் சொல்லிப் பார்த்தேன். அவர் சிரித்துக்கொண்டே, "டாக்டர்தானே ரெண்டையும் எழுதியிருக்கார், ஒண்ணு கசப்பு ஒண்ணு சத்து" என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை. ஒரே சீட்டு, ஒரே கையெழுத்து. எது உயிர் காக்கிறது, எது சும்மா ஒட்டிக்கொண்டு வந்தது என்று அவருக்கு எப்படித் தெரியும்?

அன்றைக்கு ராத்திரி கடையை மூடிவிட்டு உட்கார்ந்து படிக்க ஆரம்பித்தேன். டி.பார்ம் படித்தபோது இதெல்லாம் யாரும் சொல்லித் தரவில்லை. உங்களுக்குத் தெரியாததை நான் சொல்லப்போவதில்லை, ஆனால் மறந்துபோயிருக்கலாம் என்பதால் சொல்கிறேன்.

இந்தக் கேப்ஸ்யூல்கள் பிறந்த கதை ஒன்றும் முட்டாள்தனமான கதை இல்லை. எல்.டி.எல். என்கிற கெட்ட கொழுப்பு ரத்தக்குழாய்ச் சுவருக்குள் புகுந்து ஆக்சிஜனேற்றம் அடைந்தால், அதை அங்கிருக்கும் வெள்ளணுக்கள் விழுங்கி விழுங்கி நுரை மாதிரி ஊதி, அடைப்புக்கு அடித்தளம் போடுகின்றன என்று டேனியல் ஸ்டெய்ன்பெர்க் முதலியோர் 1989 இல் எடுத்து வைத்த கருத்து இன்றைக்கும் மதிப்பானதுதான். சரி, இரும்பு துருப்பிடிக்காமல் இருக்கப் பெயின்ட் அடிக்கிற மாதிரி, கொழுப்பு ஆக்சிஜனேற்றம் ஆகாமல் இருக்க வைட்டமின் ஈ-யும் சி-யும் கொடுத்தால் என்ன என்று யாருக்கும் தோன்றும். 1993 இல் அமெரிக்காவில் 87,000-க்கும் அதிகமான செவிலியர்களைக் கவனித்து வந்த ஆய்வில், வைட்டமின் ஈ எடுத்துக்கொண்டவர்களுக்கு இதய நோய் குறைவாக இருந்தது என்றும் வந்தது. 1996 இல் கேம்பிரிட்ஜில் 2,002 இதய நோயாளிகளிடம் நடந்த ஆய்வில் வைட்டமின் ஈ எடுத்தவர்களுக்கு உயிர் போகாத மாரடைப்புகள் வெகுவாகக் குறைந்தன. அந்தக் காலத்தில் இதை எழுதிய டாக்டரை நான் குறை சொல்லமாட்டேன். நானே டாக்டராக இருந்திருந்தால் எழுதியிருப்பேன்.

ஆனால் தானாக வைட்டமின் வாங்கிச் சாப்பிடுகிறவர் நடைப்பயிற்சியும் போகிறவராக இருப்பார், சிகரெட்டும் தொடமாட்டார், கையில் நாலு காசும் இருக்கும். எது எதனால் என்று பிரிக்க முடியாது. அதனால்தான் பெரிய பெரிய ஆய்வுகளை நடத்தி, சீட்டுக் குலுக்கிப் போட்ட மாதிரி ஆட்களைப் பிரித்துக் கொடுத்துப் பார்த்தார்கள். 1999 இல் இத்தாலியில் மாரடைப்பிலிருந்து மீண்ட 11,324 பேர், 2000 இல் ஹோப் ஆய்வில் 9,541 பேர். இரண்டிலும் வைட்டமின் ஈ-யால் சொல்லிக்கொள்ளும்படி பலனில்லை. ஹோப் ஆய்வை இன்னும் சில வருடம் நீட்டிப் பார்த்து 2005 இல் வெளியிட்டபோது, வைட்டமின் ஈ எடுத்தவர்களிடம் இதயச் செயலிழப்பு சற்று அதிகமாகவே இருந்தது.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது வேறொரு ஆய்வு. 2001 நவம்பரில் வந்தது. சியாட்டிலில் இருக்கும் வாஷிங்டன் பல்கலைக்கழகத்து கிரெக் பிரவுனும் அவரோடு சேர்ந்தவர்களும் செய்தது, ஹாட்ஸ் என்று பெயர். மொத்தம் 160 பேர்தான். எல்லாரும் இதய நோயாளிகள், நல்ல கொழுப்பு என்கிற எச்.டி.எல். குறைந்தவர்கள். நாலு குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு சிம்வாஸ்டாட்டினும், நல்ல கொழுப்பை ஏற்றும் நியாசினும், இன்னொன்றுக்கு ஆன்டிஆக்சிடன்ட் மட்டும், மூன்றாவதுக்கு இரண்டும் சேர்த்து, நாலாவதுக்கு மருந்தே இல்லாத வெற்று மாத்திரை. அந்த ஆன்டிஆக்சிடன்டில் என்ன இருந்தது தெரியுமா? வைட்டமின் ஈ, வைட்டமின் சி, பீட்டா கரோட்டின், செலினியம். அளவுகள் வேறு என்றாலும், என் மூன்றாவது அலமாரியில் இருக்கும் அட்டைகளின் பின்பக்கத்தைத் திருப்பினால் அதே நாலு பெயர்.

மூன்று வருடம் கழித்து எண்ணிப் பார்த்தார்கள். இறப்பு, மாரடைப்பு, பக்கவாதம், மறுபடி அடைப்பு நீக்க வேண்டிய நிலை, இதில் ஏதாவது ஒன்று நடந்தவர்கள் வெற்று மாத்திரைக் குழுவில் 24 சதவீதம். ஸ்டாட்டினும் நியாசினும் மட்டும் எடுத்தவர்களில் 3 சதவீதம். ஆன்டிஆக்சிடன்ட் மட்டும் எடுத்தவர்களில் 21. இதுவரைக்கும் ஆச்சரியம் இல்லை. இரண்டையும் சேர்த்து எடுத்தவர்களில் எவ்வளவு? 14 சதவீதம். நல்ல மருந்தோடு சத்து மாத்திரையைச் சேர்த்ததும் 3 என்பது 14 ஆகி நிற்கிறது. குழாய்க்குள் அடைப்பை அளந்த கணக்கும் அதையேதான் சொன்னது: மருந்து மட்டும் எடுத்தவர்களுக்கு அடைப்பு ஒரு துளி பின்வாங்கியிருந்தது, இரண்டும் எடுத்தவர்களுக்கு ஒரு துளி முன்னேறியிருந்தது. எச்.டி.எல். ஏறவேண்டிய அளவுக்கு ஏறவில்லை, அதிலும் குழாயைக் காப்பதாக நம்பப்படும் பெரிய துகள் வகைதான் அடிவாங்கியது என்று காரணமும் காட்டினார்கள்.

இங்கே நான் நேர்மையாக இருக்கவேண்டும், இல்லாவிட்டால் வாட்சப் வைத்தியருக்கும் எனக்கும் வித்தியாசம் இல்லை. குழுவுக்குச் சுமார் 40 பேர் என்பது சின்ன எண்ணிக்கை. நாலைந்து பேருக்கு நடப்பது மாறினாலே சதவீதம் தலைகீழாகிவிடும். அந்த நியாசினே பின்னால் மதிப்பிழந்துபோனது. 2014 இல் 25,673 பேரை வைத்து முடித்த பெரிய ஆய்வில், ஸ்டாட்டினோடு நியாசின் சேர்ப்பதால் லாபம் இல்லை, தொந்தரவுதான் மிச்சம் என்று வந்துவிட்டது. அப்புறம் 2002 இல் வந்த பிரிட்டனின் இதயப் பாதுகாப்பு ஆய்வு, 20,536 பேர், அதுதான் இந்த விஷயத்தில் மலை. பாதிப் பேருக்கு சிம்வாஸ்டாட்டின் 40, அதே ஆட்களைக் குறுக்கே இன்னொரு தடவை பாதியாகப் பிரித்து ஒரு பாதிக்கு வைட்டமின் ஈ 600 மில்லிகிராம், சி 250, பீட்டா கரோட்டின் 20. ஐந்து வருடம். சிம்வாஸ்டாட்டின் எடுத்தவர்களில் இறந்தவர்கள் 12.9 சதவீதம், எடுக்காதவர்களில் 14.7. வைட்டமின் பக்கம்? மாரடைப்பு, பக்கவாதம் போன்றவை எடுத்தவர்களுக்கும் 22.5 சதவீதம், எடுக்காதவர்களுக்கும் 22.5. புள்ளிக்குப் பின்னாலும் அதே எண். ஐந்து வருடம் தினமும் விழுங்கியதற்குக் கிடைத்த வித்தியாசம் பூஜ்யம். ஸ்டாட்டினின் வேலையை அங்கே வைட்டமின் கெடுக்கவில்லை என்பதையும் சொல்லவேண்டும், ஆனால் கெட்ட கொழுப்பையும் டிரைகிளிசரைடையும் லேசாக ஏற்றிவிட்டது. கொழுப்பைக் குறைக்க ஒரு மாத்திரை, துளி ஏற்ற ஒரு மாத்திரை, இரண்டுக்கும் பில் போடுகிறவன் நான்.

ஆகவே இது விஷம் என்று நான் சொல்லவரவில்லை டாக்டர். அதிகபட்சம் கெடுக்கலாம், குறைந்தபட்சம் தண்டம். இந்த இரண்டுக்கும் நடுவில் எங்கே இருந்தாலும் சீட்டில் இடம் பிடிக்கத் தகுதி இல்லை என்கிறேன்.

பீடி குடிக்கிறவர் விஷயத்தில் மட்டும் கொஞ்சம் குரலை உயர்த்திச் சொல்கிறேன். பின்லாந்தில் 29,133 ஆண் புகைபிடிப்பவர்களை வைத்து 1994 இல் முடிந்த ஆய்வில், பீட்டா கரோட்டின் எடுத்தவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் கூடுதலாக வந்தது. தற்செயலாக இருக்கும் என்று நினைத்தால், அமெரிக்காவில் அதே மாதிரி நடந்த இன்னொரு ஆய்வில் 28 சதவீதம் கூடி, 1996 ஜனவரியில் பாதியிலேயே நிறுத்தினார்கள். என் அலமாரியில் இருக்கும் கேப்ஸ்யூல்களில் அளவு அதைவிடக் குறைவுதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஸ்டென்ட் வைத்த பிறகும் டீக்கடைப் பக்கம் ஒளிந்து நின்று பீடி பிடிக்கிற மனிதர்களை நான் தினம் பார்க்கிறேன், உங்களிடம் "விட்டுட்டேன் டாக்டர்" என்று சொன்ன அதே வாய். அவர் கைக்குப் பீட்டா கரோட்டின் போகிறது என்பது எனக்கு உறுத்துகிறது. வைட்டமின் ஈ-யும் அப்படித்தான். பின்லாந்து ஆய்விலேயே வைட்டமின் ஈ எடுத்தவர்களில் மூளையில் ரத்தம் கசிந்து வரும் பக்கவாதத்தால் இறந்தவர்கள் கொஞ்சம் அதிகம். ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல் என்று ரத்தம் உறையாமல் இருக்க ஏற்கெனவே இரண்டு மாத்திரை ஓடும்போது, 400 என்று பெரிதாக அச்சடித்த பச்சை வைட்டமின் ஈ கேப்ஸ்யூலையும் சேர்க்க எனக்குக் கை வரமாட்டேன் என்கிறது. சருமம் மினுமினுக்கும் என்று மகள் வாங்கியதில் பாதியை அப்பா சாப்பிடுகிற வீடுகளும் உண்டு, அது வேறு கதை.

முடி கொட்டுகிறது என்று வாங்கும் பயோட்டின் மாத்திரையைப் பற்றியும் நோயாளியிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். அதிக அளவு பயோட்டின் ரத்தத்தில் இருந்தால் சில ஆய்வகக் கருவிகளில், இதயத் தசை அடிபட்டால் ரத்தத்தில் ஏறும் ட்ரோபோனினின் அளவு உண்மையைவிடக் குறைவாகக் காட்டும் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2017 இல் எச்சரித்தது. மாரடைப்பா இல்லையா என்று நடு ராத்திரியில் முடிவெடுக்கிற டெஸ்ட் அது.

அப்புறம் கோஎன்சைம் க்யூ10. கால் வலிக்கிறது, ஸ்டாட்டினால்தான் என்று நோயாளி புலம்பினால் அதை எழுதுகிறீர்கள், புரிகிறது. ஸ்டாட்டின் கொழுப்பு உற்பத்தியை அடைக்கிற அதே பாதையில்தான் க்யூ10-உம் உருவாகிறது, அதனால் ரத்தத்தில் அதன் அளவு இறங்குவது உண்மை. ஆனால் மாத்திரையாகக் கொடுத்தால் வலி குறையுமா என்பதில் ஆய்வுகள் ஆளுக்கொரு பக்கம் இழுக்கின்றன. விலையோ, சில குடும்பங்களின் ஒரு வாரக் காய்கறிச் செலவு. இதைவிட எனக்குப் பயன்பட்டது லண்டன் இம்பீரியல் கல்லூரிக்காரர்கள் 2020 இல் வெளியிட்ட சாம்சன் ஆய்வு. பக்கவிளைவு தாங்காமல் ஸ்டாட்டினை விட்ட 60 பேருக்கு நாலு மாதத்துக்கு ஸ்டாட்டின், நாலு மாதத்துக்கு வெற்று மாத்திரை, நாலு மாதத்துக்கு ஒன்றுமே இல்லாத காலிப் புட்டி, எந்த மாதம் எது என்று கலைத்துக் கொடுத்தார்கள். ஸ்டாட்டின் மாதத்தில் வந்த தொந்தரவில் 90 சதவீதம் வெற்று மாத்திரை மாதத்திலும் வந்தது. தங்கள் கணக்கைத் தாங்களே பார்த்த பிறகு, பாதிப் பேர் மறுபடி ஸ்டாட்டினுக்குத் திரும்பினார்கள். வலி பொய் என்று இதற்கு அர்த்தம் இல்லை, வலி இருந்தது, ஆனால் பெரும்பாலும் அதற்குக் காரணம் மாத்திரைக்குள் இருந்த மருந்து இல்லை. இதை நான் கவுண்டரில் சொன்னால் கடைக்காரன் பேச்சு, நீங்கள் சொன்னால் எடுபடும்.

தேவையான வைட்டமினை நான் எதிர்க்கவில்லை. சர்க்கரைக்கு வருடக்கணக்காக மெட்ஃபார்மின் சாப்பிடுகிறவருக்கு பி12 குறையும், டெஸ்ட் பார்த்து எழுதுகிறீர்கள், சந்தோஷமாகக் கொடுக்கிறேன். அதற்குக் காரணம் இருக்கிறது, அளவு இருக்கிறது, எப்போது நிறுத்துவது என்று இருக்கிறது. ஆன்டிஆக்சிடன்ட் வரிக்கு இந்த மூன்றில் எது இருக்கிறது?

இன்னொரு வேடிக்கை. 2016 ஆம் ஆண்டு விதிகளின்படி இந்தச் சத்துப் பொருள்களின் லேபிளில் 'மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல' என்று அச்சிட்டே ஆகவேண்டும். அதை எழுதுவது மருத்துவர், எழுதுவது மருந்துச் சீட்டில், விற்பது மருந்துக் கடையில். நோயாளிகள் அந்த ஆங்கில எழுத்தைப் படிப்பதில்லை, படித்த ஒரு கல்லூரிப் பையன் மட்டும் ஒரு தடவை என்னிடம் கேட்டான், "அப்ப எதுக்கு அண்ணா எங்கப்பாவுக்கு?" சமாளித்து அனுப்பினேன்.

தமிழ்நாட்டு அரசே 2023 இல் 'இதயம் காப்போம்' திட்டத்தை ஆரம்பித்தபோது, நெஞ்சு வலி என்று துணை சுகாதார நிலையத்துக்கு வருகிறவருக்குப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பும் முன் கொடுக்க 14 மாத்திரைகளை வைத்தது: ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல், அட்டோர்வாஸ்டாட்டின். மூன்றே மருந்து, எல்லாம் மலிவு. அந்த மூன்றில் கொழுப்பு மாத்திரைக்கு இடம் கிடைத்திருக்கிறது என்பதை எங்கள் பகுதி ஆட்கள் சிலரிடம் சொல்லிப் பார்த்தேன். "அவ்வளவு முக்கியமா அது" என்று அப்போதுதான் கண்ணைத் திறக்கிறார்கள்.

நான் கேட்பது பெரிதாக ஒன்றும் இல்லை. அந்தக் கடைசி வரியை எழுதப் பேனா போகும்போது ஒரு நொடி நிறுத்துங்கள். மருந்துக் கம்பெனி ரெப் நேற்று வந்து போனாரா, "வெறும் மாத்திரையா எழுதுறீங்க, சத்துக்கு ஒண்ணும் இல்லையா" என்று நோயாளியே கேட்டாரா, இல்லை உங்களிடம் பயிற்சியில் இருக்கும் ரெசிடென்ட் டாக்டர் பழைய சீட்டைப் பார்த்து அப்படியே காப்பி செய்ததா என்று பாருங்கள். என் கணிப்பில் மூன்றாவதுதான் அதிகம். டிஸ்சார்ஜ் சீட்டில் ஏறிய வரி பத்து வருடமானாலும் இறங்குவதில்லை. அந்த இடத்தில், அதே மையில், ஸ்டாட்டினுக்கு நேராகத் தமிழில் 'நார்மல் ஆனாலும் நிறுத்தக் கூடாது' என்று எழுதினால் போதும். நான் நாள் முழுக்கத் தொண்டை வற்றக் கத்துவதைவிட அந்த நாலு வார்த்தைக்கு மரியாதை அதிகம். சத்து வேண்டும் என்று அடம்பிடிக்கிறவரிடம் நெல்லிக்காயும் கீரையும் கொய்யாவும் சொல்லி அனுப்புங்கள், அந்த வியாபாரம் எதிர்க்கடை அக்காவுக்குப் போகட்டும்.

அப்புறம், "வேற என்னென்ன சாப்பிடுறீங்க" என்று கேட்டால் மட்டும் போதாது, பையோடு கொண்டுவரச் சொல்லுங்கள். வாயால் கேட்டால் "ஒண்ணும் இல்ல டாக்டர்" என்றுதான் சொல்வார்கள். டிவியில் பார்த்து வாங்கிய பூண்டு மாத்திரை, மருமகன் துபாயிலிருந்து கொண்டுவந்த மீன் எண்ணெய், யோகா வகுப்பில் கொடுத்த மஞ்சள் கேப்ஸ்யூல் எதையும் அவர்கள் மருந்தாகவே எண்ணுவதில்லை. அமெரிக்காவில் கிளீவ்லேண்ட் கிளினிக் 2022 இல் மீன் எண்ணெய், பூண்டு, மஞ்சள், பட்டை உள்பட ஆறு சரக்கை 5 மில்லிகிராம் ரோசுவாஸ்டாட்டினோடு ஒப்பிட்டது. 28 நாளில் ரோசுவாஸ்டாட்டின் கெட்ட கொழுப்பை 37.9 சதவீதம் இறக்கியது, மற்ற ஆறும் வெற்று மாத்திரையைத் தாண்டவில்லை. அந்தப் பையை மேஜையில் கொட்டி, நீங்களே ஒவ்வொன்றாக எடுத்து, இது வேண்டும், இது வேண்டாம் என்று பிரித்துவிட்டால் அவர் வீட்டுக்குப் போய் மாற்றமாட்டார். சீட்டில் இருப்பதை அடிக்க எனக்கு அதிகாரம் இல்லை.

அந்த டிரைவர் பெரியவர் அன்றைக்குக் கொழுப்பு மாத்திரையை வாங்கிக்கொண்டுதான் போனார், பாதிக் காசு கடன் சொல்லி. இப்போதும் ஒவ்வொரு மாசமும் ஒரு தகராறு நடக்கும். அடுத்த வாரம் அவருக்கு ரிவியூ. வீட்டில் இருக்கிற எல்லா மாத்திரையையும் ஒரு மஞ்சள் பையில் போட்டு எடுத்துப் போகச் சொல்லியிருக்கிறேன். கொண்டுவந்தால் கொஞ்சம் பிரித்துப் பாருங்கள் டாக்டர்.

இப்படிக்கு,
உங்கள் சீட்டுகளைப் படிக்கிற ஒரு மெடிக்கல் கடைக்காரன்